கண்ணுக்கு எட்டிய வரை

கணவர் தன் சொந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

பதினொரு வருடங்களில் அவர் அந்தக் கதவைத் தட்டியதே கிடையாது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவனை அதட்டிப் பழகிய தொண்டை. மாலையில் அவர் வருவது மாடிப்படியின் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். ரப்பர் செருப்பு படபடக்கும், சாவிக்கொத்து குலுங்கும், எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒரு கேலி விழும், அதற்குப் பிறகு கதவு திறந்து பின்சுவரில் போய் மோதும். மோதி மோதி அந்தச் சுவரில் ஒரு குழியே விழுந்திருந்தது. அன்றைக்கு இதில் எதுவும் இல்லை. விரல் முட்டியால் இரண்டே தட்டல், அதுவும் நோயாளி கண்ணயர்ந்திருக்கும் அறையைத் தட்டுவதுபோல.

அவள் போய்த் திறந்தாள். சாவி அவர் கையிலேயே இருந்தது.

"உள்ளே வரலாமா?" என்றார்.

"வாங்க சார், யாரைப் பார்க்கணும்?" என்று அவளும் விளையாட்டாகக் கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. "இல்ல... வரலாமான்னுதான் கேட்டேன்."

"என்னங்க, வெயில்ல மண்டை காய்ஞ்சு போச்சா? வாங்க உள்ளே."

அவள் விலகி வழிவிட்ட பிறகுதான் அவர் நிலையைத் தாண்டினார். கதவைச் சாத்தும்போது பூட்டின் நாக்கு பள்ளத்தில் விழும் சின்னச் சத்தத்தைக்கூட உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டார். பிறகு சோபாவைப் பார்த்தார். உட்காரவில்லை. செருப்பு வைக்கும் பலகைக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, யாரோ கூப்பிடட்டும் என்று காத்திருப்பவர்போல நின்றுகொண்டார்.

களைப்பு என்று அவள் நினைத்தாள். விளையாட்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து வெயிலில் நிற்கிற மனிதர்.

சிலை வந்து அன்றோடு பத்து நாள்.

பழைய கடைவீதிச் சதுக்கத்தில் மேம்பால வேலை தொடங்கியதால் நகரத்தின் ஸ்தாபகரை அங்கிருந்து கிளப்ப வேண்டியதாயிற்று. ஊரில் யாரும் அவரை ஸ்தாபகர் என்று சொல்வதில்லை, தொப்பிக்காரர் என்பார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கி, இந்தக் கரையை வாங்கி, கோடு போட்டுத் தெரு பிரித்து, நகரத்துக்குத் தன் குடும்பப் பெயரையே வைத்துவிட்டுப் போனவர். வெண்கலத்தில் இரண்டு ஆள் உயரம். இடது கையில் சுருட்டிய காகிதம். வலது கையைப் புருவத்தின் மேல் வைத்து, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் குடியிருந்த நான்கு அடுக்குமாடிக் கட்டிடங்களுக்கும் எதிரே, சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில், முக்கோணமாக ஒரு காலி மனை இருந்தது. ஒருநாள் விடிகாலையில் கிரேன் அவரைக் கொண்டுவந்து அங்கே புதுப் பீடத்தில் இறக்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் கணவர் இரண்டாம் மாடிப் பால்கனியிலிருந்து, "என்ன தொப்பிக்காரரே, புது இடம் பிடிச்சிருக்கா?" என்று கத்தியதற்கு நான்கு கட்டிடமும் சிரித்தது.

அவளுக்கு அதில் தனிச் சந்தோஷம் ஒன்றும் இருந்தது. அவள் நகராட்சிப் பதிவறையில் எழுத்தர். பீடத்தில் பதிக்கப்போகும் பலகைக்குச் சிலையின் வரலாற்றை நூற்றைம்பது சொற்களுக்குள் எழுதித் தரும் வேலை அவளிடம் வந்திருந்தது. பதினெட்டு வருடமாக அடுத்தவர் எழுதியதை அடுக்கிவைத்தே வந்தவள். முதன்முதலாக அவள் எழுதியது கல்லில் ஏறப்போகிறது.

அன்று இரவுச் சாப்பாட்டைக் கணவர் நின்றபடியே சாப்பிட்டார். தட்டை அவரே கழுவி, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். அவள் விளக்கை அணைக்கப் போனபோது திறந்திருந்த சன்னல் வழியாக ஒரு வாடை வந்தது. மழையில் நனைந்த இரும்பும் கையில் வெகுநேரம் பொத்திவைத்த நாணயமும் சேர்ந்தாற்போல, நாக்கின் அடியில் புளிக்கிற வாடை. மழை பெய்து ஒரு மாதமாகியிருந்தது. கீழே, தெருவிளக்கின் மஞ்சளுக்கு மேலே, தொப்பியின் விளிம்பும் புருவத்தின் மேல் வைத்த கையும் மட்டும் தெரிந்தன. கைக்கு அடியில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு.

சன்னலைச் சாத்தினாள். அப்போதுதான் இன்னொன்றும் காதில் பட்டது. சத்தமே இல்லை. அந்த நேரத்தில் கட்டிடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? மேல்மாடியில் நாற்காலி இழுபடும், பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி அலறும், கீழே யாராவது பிள்ளையை அடிப்பார்கள், எதிர்வீட்டுத் தையல் இயந்திரம் பதினொரு மணிவரை கடகடக்கும். எல்லாம் நின்றிருந்தது. ஆட்கள் இல்லாத அமைதி அல்ல அது. எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. யாரோ தூங்குகிறார், எழுப்பிவிடக் கூடாது என்று எல்லாரும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அமைதி.

மறுநாள் காலை மகள் தன் புத்தகங்களை மேசையிலிருந்து எடுத்துக் கதவோரத்தில் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைத்ததாகச் சரித்திரம் கிடையாது.

"என்ன குட்டி, இவ்வளவு சுத்தம்?"

"மேசை நம்மளுது இல்லையேம்மா."

"பின்னே யாருது? உன் பிறந்தநாளுக்கு அப்பாதானே தூக்கிட்டு வந்தாரு?"

குழந்தை யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், நெற்றி சுருங்கியது. "கொஞ்ச நாள் வச்சுக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள் கடைசியில்.

"யாரு சொன்னாங்க?"

சன்னல் பக்கம் மட்டும் ஒருதடவை பார்த்துவிட்டு, புத்தகங்களின் விளிம்புகளை ஒரே கோட்டில் சரிசெய்தாள்.

வெளியே வந்தால் தையல்காரம்மா தன் இயந்திரத்தைப் படிக்கட்டு மேடைக்கு இழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் மடக்கிய பாய், ஒரு தண்ணீர்க் குடம்.

"என்னக்கா, வீட்டுல வெள்ளை அடிக்கிறீங்களா?"

"இல்லம்மா. உள்ளே சத்தம் போடக் கூடாதில்ல" என்றாள் தையல்காரம்மா. அந்தக் கட்டிடத்திலேயே வாய்க்குப் பேர்போனவள். தண்ணீர் வரவில்லை என்றால் நகராட்சித் தலைவரையே தெருவில் நிறுத்திக் கேட்பவள். இப்போது வாயைப் புடவைத் தலைப்பால் பாதி மூடிக்கொண்டு பேசினாள். "நீயும் கொஞ்சம் மெதுவா நடம்மா. செருப்புச் சத்தம் உள்ளே கேக்குது."

"உள்ளே யாரு இருக்கா?"

தையல்காரம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு கேள்வியைக் கேட்கிறாளே என்ற பார்வை.

பதிவறை நகராட்சிக் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. வருடம் முழுவதும் குழல்விளக்குதான் பகல். சிலைக்கோப்பு மூன்று கட்டுகளாக இருந்தது. முதல் கட்டை அவிழ்த்ததும் நாடா பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் ஒப்பந்தத்தின் நகல். அவள் பள்ளியில் படித்த பாடத்தில், ஸ்தாபகர் கரையோர மக்களிடம் நியாயமான விலை கொடுத்து நிலம் வாங்கினார் என்று ஒரே வரிதான் இருந்தது. ஒப்பந்தமும் ஏறக்குறைய ஒரே வரிதான். 'நான் நிற்கும் இடத்திலிருந்து என் கண்ணுக்கு எட்டிய வரை.'

கரையில் இருந்தவர்கள் மணலில் நின்று பார்த்திருக்கிறார்கள். எதிரே மரக்கூட்டம் மறைத்தது. அவ்வளவுதானே என்று கைநாட்டு வைத்துவிட்டார்கள். மறுநாள் அவர் கப்பலின் பாய்மரத் தூண்களைக் கழற்றி, அவர்களையே சுமக்க வைத்து, கரையில் ஒரு கோபுரம் கட்டினார். தொலைநோக்கியோடு அதன் உச்சியில் ஏறி ஒரு பகல் முழுக்கப் பார்த்தார். பதினான்கு ஊர்கள் தெரிந்தன. அன்று சாயங்காலத்திலிருந்து அந்த ஊர்களில் இருந்தவர்கள் அவருடைய பதிவேட்டில் 'அனுமதியின்பேரில் இருப்போர்' ஆனார்கள். அவரவர் கட்டிய வீட்டில், அவரவர் பிறந்த அறையில். ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி போட்டிருக்கவில்லை. அதை யாரும் ரத்து செய்ததாகவும் ஒரு தாளும் இல்லை.

சிலையை நிறுவியவர் அவருடைய கொள்ளுப்பேரன். சிற்பிக்கு அவர் எழுதிய கடிதத்தில் இரண்டே கட்டளைகள்: உயரத்தில் நிற்க வேண்டும், கண்கள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

அவள் குறிப்பெடுத்துக்கொண்டே போனாள். இந்தச் சங்கதியைப் பலகையில் எப்படி எழுதுவது என்ற கவலைதான் அதுவரை. இரண்டாம் கட்டைத் திறந்த பிறகு அந்தக் கவலை போய்விட்டது.

சிலை முதலில் நின்றது துறைமுகச் சாலையில், மூட்டைத் தொழிலாளர்களின் அறுபத்திரண்டு வீடுகளுக்கு எதிரே. அங்கிருந்து வந்த மனுக்களை யாரோ ஒழுங்காகத் தேதிவாரியாகக் கோத்திருந்தார்கள். எல்லாம் ஒரே கையெழுத்து, படித்தவன் ஒருவன் எல்லாருக்குமாக எழுதியது. முதல் மனுவில் கோபம் கொதித்தது. 'எங்கள் வீடுகளுக்கு நேரே இந்தப் பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்த உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?' மூன்று வாரம் கழித்து எழுதியதில், 'நாங்கள் குடியிருக்கும் வீடுகள்' என்றிருந்தது. அதற்கடுத்ததில், 'நாங்கள் தங்கியிருக்கும் ஐயா அவர்களின் வீடுகள்.' கையெழுத்தும் மாறிக்கொண்டே வந்தது. எழுத்துகள் சிறுத்து, தாளின் அடிமூலைக்கு ஒதுங்கி, மேலே முக்கால் தாளை வெறுமையாக விட்டிருந்தன. கடைசி மனு ஒரே வாக்கியம். 'தாழ்வாரத்தில் மட்டும் படுத்துக்கொள்ள உத்தரவு தரும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

அதன் பின்னால் சுகாதார ஆய்வாளரின் அறிக்கை. அறுபத்திரண்டு வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன. உள்பக்கமாகப் பூட்டியிருப்பதால் உடைத்துத் திறக்க நேர்ந்தது. சாமான்கள் அப்படியே இருக்கின்றன. உலையில் நீர் சூடாக இருந்தது. படுக்கைகளில் யாரோ படுத்தெழுந்த பள்ளம் இருந்தது. குடியிருந்தவர்கள் எங்கே என்று தெரியவில்லை.

இரண்டாவது இடம் நீதிமன்றத் தெரு. பத்தொன்பது வீடுகள். அங்கே ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

மூன்றாம் கட்டில்தான் கடைவீதிச் சதுக்கம். சுற்றிலும் வங்கியும் அஞ்சலகமும் கிடங்குகளும்; மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு குடித்தனமும் இல்லாத இடம். அங்கே எழுபது வருடம் ஒரு மனுவும் வரவில்லை. இடமாற்ற உத்தரவின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தது. 'இதன் முகத்துக்கு நேரே குடியிருப்பு இருக்கக் கூடாது. இதை நகர்த்த நினைப்பவர் முதலில் என்னிடம் வந்து கேட்கவும்.' கீழே பெயர் இல்லை. 'பதிவறை எழுத்தர்' என்று மட்டும் இருந்தது.

அவளுடைய பதவி. எழுதியவர் செத்து நாற்பது வருடமாவது ஆகியிருக்கும்.

குழல்விளக்கு ஒருமுறை இமைத்தது. அவள் தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். காலையில் எழுதிவைத்திருந்த பலகை வாசகத்தின் முதல் வரைவு அதில் இருந்தது. நல்ல கையெழுத்து, திருத்தம் எதுவும் இல்லை. மூன்றாவது வரியில் கண் நின்றது. 'அவர் அனுமதித்த காலம் வரை நாம் இங்கே தங்கியிருக்கிறோம்.'

அதை எழுதியது அவளுக்கு நினைவே இல்லை.

அன்று வீட்டுக்குப் போனவள் வேண்டுமென்றே கதவைத் தடாலென்று திறந்தாள். விசிறியை வேகமாகச் சுழலவிட்டாள். பாத்திரங்களை உருட்டினாள். கணவரும் மகளும் சுவரோரம் பாய் விரித்து, பயந்த கண்களோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுந்திரிங்க. கட்டில்ல போய்ப் படுங்க."

"அது வேணாம்மா" என்றார் கணவர். அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. காற்றில் பாதியும் சொல்லில் பாதியுமாக இருந்தது. "இங்கேயே நல்லாத்தான் இருக்கு. கோபப்படாம இருக்காங்களே, அது போதும்."

"யாருங்க? சொல்லித் தொலைங்களேன், யாரு?"

"சத்தம் போடாதே." அவர் கண்ணில் நீர் நின்றது. "உன்னால எங்களையும் வெளியே அனுப்பிடுவாங்க."

"நாளைக்குக் காலையில என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம். நாலு நாள். லீவு சொல்லிடுங்க."

"கேட்டுட்டுத்தான் போகணும்" என்றாள் மகள்.

அவள் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, தண்ணீர் குடித்து, கால் வலிக்கிறதே என்று நினைத்தபோதுதான் உறைத்தது. இரண்டு நாளாக அந்த வீட்டில் அவளும் எங்கேயும் உட்காரவில்லை. பக்கத்திலேயே முக்காலி கிடந்தது. உட்கார்ந்தால் என்ன? உட்காரத்தான் போனாள். முழங்கால் மடங்க மறுத்தது. பிறர் வீட்டு ஊஞ்சலில் சொல்லாமல் ஏறி உட்காரப் போனவள்போல உடம்பெல்லாம் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண்ணினாள். ஒன்பது வரைதான் முடிந்தது. எழுந்துவிட்டாள். எழுந்ததும் முந்தானையால் முக்காலியைத் துடைத்தாள்.

மறுநாள் கண்காணிப்பாளரின் மேசையில் மூன்று கட்டுகளையும் கொண்டுபோய் வைத்தாள். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிற மனிதர். தணிக்கைக்காரர்களைத் தவிர எதற்கும் பயப்படாதவர்.

"ஏம்மா, இதை நான் மேலே அனுப்பினா என்ன ஆகும் தெரியுமா? உன்னையும் என்னையும் ஒரே வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க."

"சார், முகத்தை மட்டுமாவது திருப்பச் சொல்லுங்க."

"கிரேனுக்கு மறுபடியும் ஒப்பந்தம் போடணும். மூணு மாசம்."

"அப்ப மூடிவைங்க. திறப்பு விழா வரைக்கும் சிலையை மூடிவைக்கிறதுதானே வழக்கம்?"

அவர் பேனாவை மூடினார். "நீ ஏன்மா நின்னுக்கிட்டே இருக்கே? நாற்காலி இருக்கே, உட்காரு" என்றார். அவள் உட்கார்ந்தாள். அங்கே முடிந்தது. அதற்கே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்ன புரிந்துகொண்டாரோ, தொலைபேசியை எடுத்து, தார்ப்பாய்க்கும் இரண்டு ஆட்களுக்கும் சொன்னார்.

முற்பகல் பதினொரு மணிக்கு அவள் நேரில் போய் நின்று பார்த்தாள். ஏணி சாத்தி, நீலத் தார்ப்பாயைத் தொப்பியின் மேல் போட்டு, தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, காலில் ஒன்றாக மூன்று சுற்றுக் கயிறு. ஏணியில் நின்றவன் பாயை முகத்துக்கு முன்னால் இழுக்கும்போது தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். இறங்கியவன் வெயிலில் கையைத் தேய்த்துக்கொண்டு, "வெண்கலம் சூடா இருக்கும்னு நினைச்சேன், ஐஸ் மாதிரி இருக்குக்கா" என்றான். முடிச்சுகளை அவளே ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தன. கட்டிடத்தின் எங்கோ ஒரு மாடியில் ஒரு குழந்தை உரக்க அழ ஆரம்பித்தது. எவ்வளவு நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! அவளுக்கு இருந்த நிம்மதியில் அது பாட்டுப்போல இருந்தது. கணவரின் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினாள். "என்னடீ?" என்று எடுத்த எடுப்பில் கத்தினார் அவர். அவள் சிரித்துவிட்டு வைத்தாள். சாயங்காலம் சீக்கிரம் வந்து, மூட்டை கட்டி, ஏழு மணி வண்டிக்குத் தங்கை ஊருக்குப் போய்விட வேண்டும்.

அலுவலகத்தில் கோப்புகளைத் திருப்பி வைக்கவே நேரமாகிவிட்டது. பேருந்திலிருந்து அவள் இறங்கியபோது ஐந்தேமுக்கால். மேகம் மூடி, வெளிச்சம் பழுப்பாகத் தரையில் தேங்கி நின்றது. காற்றில் அந்த வாடை. நாக்கின் அடியில் புளிப்பு.

தார்ப்பாய் இல்லை.

பீடத்தின் அடியில் இருந்தது. சதுரமாக மடித்து, ஓரம் பிசகாமல், நான்கு முனையும் ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்தில் கயிறு, வட்டமாகச் சுற்றி நடுவில் ஒரு முடிச்சு போட்டு வைத்திருந்தது. கயிறிழுக்கும் போட்டி முடிந்ததும் அப்படித்தான் சுற்றி வைப்பார்கள். அந்த முடிச்சு அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகுதான் சாலையைப் பார்த்தாள்.

எல்லாரும் கீழே இருந்தார்கள். நான்கு கட்டிடத்தின் ஆட்களும். சாலையின் ஓரமாக, கட்டிடம் கட்டிடமாக, மாடிக்கு ஒரு வரிசை. வேலையிலிருந்து வந்த உடுப்போடு சிலர், கையில் கரண்டியோடு ஒருத்தி, முகத்தில் பாதிச் சவரத்தோடு ஒருவர். ஒரு வரிசையின் முதல் ஆளாகத் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடா. ஒருவரும் பேசவில்லை. கைக்குழந்தைகூட அழவில்லை. எல்லார் தலையும் குனிந்திருந்தது.

அவள் ஓடினாள். செருப்பின் சத்தம் மட்டும் அந்தச் சாலையில் படபடவென்று கேட்டது. இரண்டாம் மாடியின் வரிசையில் கணவர். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து இரத்தம் கசிந்திருந்தது. பிடிமானம் இல்லாத வெண்கலத்தில் ஏறி இறங்கிய கை.

"நீங்களா அவுத்தீங்க?"

"ஆமா."

"ஏங்க? ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"பார்க்க விடாம மறைக்கலாமா?" தலை நிமிராமலே சொன்னார். "தப்பில்லையா அது? அவங்க வீடு. அவங்க பார்க்கிறாங்க."

"காலையில என்கிட்ட நல்லாத்தானே பேசுனீங்க!"

"பள்ளிக்கூடத்துல இருந்தேன்மா அப்ப. இங்கே வந்ததும் தெரிஞ்சுது."

"குட்டி, வா. நாம போகலாம். வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கிட்டு..." மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். சின்னக் கைதான். சாலையில் நட்ட கம்பத்தைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது.

"எந்த வீட்டுக்கும்மா?" என்றாள் குழந்தை.

கட்டிடத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

நான்காம் மாடி. கடைசி வீடு. அந்த வீட்டுக்காரர்கள் அவள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்கள், ஐந்து பேரும்.

இன்னொரு விளக்கு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவசரமில்லாமல், ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு அறையாக. யாரோ நுழைந்து, விசையைத் தேடி, போட்டு, சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதுபோல. திறந்த சன்னல்கள் வழியாகச் சத்தங்கள் இறங்கி வந்தன. குழாய் திறக்கும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். தட்டும் கரண்டியும். எத்தனையோ நாளாக இந்தக் கட்டிடத்தில் கேட்காத, குடித்தனத்தின் சத்தங்கள். நான்காம் மாடி முடிந்தது. மூன்றாம் மாடி முடிந்தது.

இரண்டாம் மாடி.

தையல்காரம்மாவின் வீட்டில் விளக்கு எரிந்தது. எரிந்து, அணையாமல் நின்றது. பிறகு அவள் வீட்டில்.

முன்னறை. பிறகு அடுப்படி. அடுப்படியில் யாரோ முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மரம் பாரம் தாங்காமல் முனகியது. மனிதப் பாரம் இல்லை அது.

அவள் படிக்கட்டை நோக்கி ஓடினாள். ஓடியதாகத்தான் நினைத்தாள். கால் நகரவில்லை. கட்டிடத்தின் வாசல் பத்தடியில் இருந்தது. பத்தடிதான். பார்த்துக்கொண்டே நின்றாள். தாண்டக் கூடாது என்று தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. தெரிந்தது.

மகளின் அறை. விளக்கு. திரைச்சீலை ஒதுங்கியது.

மேலே, முதல் தாழ்ப்பாள் விழுந்தது. உள்பக்கமாக. அடுத்த வீடு. அடுத்த வீடு. நான்கு கட்டிடத்திலும் இரும்பு இரும்பில் விழும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, மேலிருந்து கீழே.

வரிசையில் கணவருக்கும் மகளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள். அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள்? செருப்பு காலில் இல்லை. கழற்றி ஓரமாக வைத்திருந்தாள்.

சின்ன விரல்கள் அவள் விரல்களைப் பிடித்தன. சில்லென்று இருந்தன.

"அம்மா," என்றாள் மகள், உதடு அசையாமல். "தலையைக் குனிஞ்சுக்கோ. நம்மள எண்ண ஆரம்பிச்சுட்டாங்க."